வானத்தையே கடன் வாங்கிய மொழி

ஆங்கிலம் கண்ட கண்ட மொழிகளினின்றெல்லாம் கடன் வாங்கியது; அதனாலேயே அஃது உலகப் பெருமொழியாயிற்று; ஆகலின் தமிழும் வேற்றுச் சொற்களைத் தடையின்றி ஏற்றுக்கொள்ளல் வேண்டும் — இவ்வழக்கைக் கேட்டுக் கேட்டு நம் செவிகள் காய்ப்பேறிப் போயின. மேடையில் இதையே முழங்குகின்றனர், ஏடுகளில் இதையே எழுதுகின்றனர், தமிழ்ச்சொல்லொன்றை நாம் எடுத்துக்காட்டிய அளவிலேயே, “ஆங்கிலத்தைப் பார்த்தீர்களா?” என்று அறிவுரை கூறவும் தலைப்படுகின்றனர்.

நன்று. அவர்கள் பார்க்கச் சொன்ன ஆங்கிலத்தையே பார்ப்போம். மேலோட்டமாக அன்று, ஒரே ஒரு சொல்லை எடுத்து, அதன் தோலை உரித்து, வேர்வரை சென்று பார்ப்போம். இருண்டு மூடிய வானத்தைக் குறிக்க ஆங்கிலர் நாள்தோறும் வழங்கும் ‘ஓவர்காசுட்டு’ என்னும் சொல்லே அது. கதிரவனைக் காண்பதே அரிதாகிய நாடு அவர்கள் நாடு. மூடிய வானமே அவர்கள் தலைக்குமேல் எந்நாளும் தொங்குவது. அத்தகைய மக்கள் தம் அன்றாட வானத்திற்கு இட்ட பெயர் யாருடைய சொல் என்று அறிந்தால், கடன் வாங்கியதன் ‘பெருமை’ இன்னதென்று தெற்றென விளங்கும்.

ஒரு சொல்லின் உடற்கூறு

முதற்கண் பொருளை வரையறுப்போம். வானிலை ஆய்வாளர் வானத்தை எட்டுக் கூறாகப் பகுத்து, அவற்றுள் எத்துணைக் கூறுகளை முகில் மறைத்துள்ளது என்று கணிப்பர். ஒன்றிரண்டு கூறு மறைந்திருப்பின் ஒரு பெயர்; மூன்று நான்கு கூறாயின் வேறொரு பெயர்; ஐந்து முதல் ஏழாயின் மற்றொரு பெயர். எட்டுக் கூறும் மறைந்து நீலம் சிறிதும் தோன்றாத நிலையே ‘ஓவர்காசுட்டு’. வானூர்தி நிலையங்களின் சுருக்கக் குறியீட்டிலும் அச்சொல்லின் எழுத்துகளே ஆளப்படுகின்றன.

இனி, சொல்லைப் பிளப்போம். ‘ஓவர்’ என்பது ‘மேல்’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். அவர்தம் முன்னோர் வழி வந்தது. அதில் நமக்கு வழக்கில்லை. ‘காசுட்டு’ என்பதோ ‘எறி’ எனப் பொருள்படும் வினை. மேலே எறியப்பட்டது, போர்வைபோல் மேலே வீசி மூடப்பட்டது என்பதே முழுச்சொல்லின் பொருள். 13ஆம் நூற்றாண்டிலேயே இது வினையாக வழக்கிற்கு வந்துவிட்டது. உருப்படியான சொல்தான்; அழகிய பொருள்தான். ஆனால், ‘காசுட்டு’ ஆங்கிலர் சொல் அன்று. அது வடகடல் கடந்து வந்த நார்சு மொழியின் ‘கசுத்த’ என்னும் வினை.

அவ்வாறாயின், அதற்குமுன் ஆங்கிலனுக்கு ‘எறிதல்’ என்பதற்குச் சொல்லே இல்லையா? இருந்தது. ‘வியோர்பன்’ என்னும் வலிய வினை அவனிடம் இருந்தது. அதன் உடன்பிறப்பு ‘வெர்ஃபன்’ என்னும் வடிவில் செருமன் மொழியில் இன்றும் எறிதற்பொருளிலேயே உயிரோடுள்ளது. ஆங்கிலத்திலோ நார்சுச் சொல் வந்து குந்தியபின், வீட்டுக்குரிய சொல் மூலைக்குத் தள்ளப்பட்டது. அது முற்றும் இறந்ததா என்றால், இறவாமல் இழிவுற்றது. ‘வார்ப்’ என்னும் வடிவில் இன்று அதற்குப் பொருள் யாது? கோணுதல், முறுகுதல், மரப்பலகை வளைந்து கெடுதல்! எறியும் ஆற்றலுடையதாய் நிமிர்ந்து நின்ற சொல், வந்தேறிச் சொல்லுக்கு இடங்கொடுத்தபின் தானே கோணிப்போயிற்று. கடன் சொல் வந்தால் உள்ளூர்ச் சொல்லுக்கு யாது நேரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வானமும் அவர்களுடையதன்று

இஃது ஒரு வினைச்சொல்லோடு நின்றிருந்தால் நாமும் பெரிதுபடுத்தோம். ‘ஓவர்காசுட்டு’ என்பது எதன்மேல் எறியப்பட்ட போர்வை? ‘சுகை’ என்னும் வானத்தின்மேல். அந்தச் ‘சுகை’ என்னும் சொல்லையும் சற்றே உரசிப் பார்ப்போம்.

‘சுகை’ என்பதும் நார்சு மொழியினின்று பெற்ற கடனே. அம்மொழியில் ‘சுகீ’ என்றால் வானம் அன்று, முகில். 13ஆம் நூற்றாண்டு அளவில் ஆங்கிலத்துள் நுழைந்தபோதும் அது முகிலையே குறித்தது. பின்னர் முகில் உலவும் இடத்தைக் குறித்து, இறுதியில் வானம் முழுமைக்கும் பெயராயிற்று. எனவே, வேர்ப்பொருள் நோக்கின், ‘முகிலில்லாத வானம்’ என்று ஆங்கிலன் சொல்லுந்தோறும் ‘முகிலில்லாத முகில்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றான்! தன் தலைக்குமேல் உள்ளதன் பெயர் தனக்கே விளங்காத நிலை இது.

வானத்திற்கு ஆங்கிலரிடம் சொல்வறுமை இருந்ததோ என்றால், இல்லை. மூன்று பழஞ்சொற்கள் இருந்தன. ‘ஃகெவொன்’ என்பது ஒன்று. ‘இலிஃப்டு’ என்பது மற்றொன்று. முகிலையும் முகில்சூழ் வானையும் குறித்த ‘வொல்கன்’ என்பது பிறிதொன்று. இம்மூன்றும் என்னவாயின?

‘ஃகெவொன்’ இன்று ‘ஃகெவன்’ ஆகிப் பெரும்பாலும் கடவுளுக்கும் மறுமைக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது. உழவன் அண்ணாந்து பார்க்கும் வானிற்கு அது பயன்படுவது குறைவு. ‘வொல்கன்’ என்பது ‘வெல்கின்’ எனத் திரிந்து, பழம்பாட்டுகளில் மட்டும் தூசு படிந்து கிடக்கின்றது. ‘இலிஃப்டு’ இருந்த இடத்தில் பிரஞ்சு வழியாக வந்த ‘ஏர்’ என்னும் சொல் அமர்ந்துகொண்டது. வியப்பு யாதெனின், அந்த ‘இலிஃப்டு’ என்பதற்கு நேரான நார்சுச் சொல் ‘இலாஃப்டு’ என்னும் வடிவில் ஆங்கிலத்தில் குடியேறி, வீட்டின் பரணுக்குப் பெயராயிற்று! தன் வானை இழந்தவனுக்கு மிஞ்சியது அயலான் தந்த பரண். ஆங்கில மேலாட்சியால் ‘கொச்சை’ என்று பழிக்கப்பட்ட காட்டுலாந்தியரின் காட்டு மொழியிலே, வானத்தைக் குறிக்கும் அந்தப் பழைய சொல் இன்றும் பிழைத்துள்ளது. படித்தோர் இழந்ததைப் பழிக்கப்பட்டோர் காத்தனர்.

“இதனால் ஆங்கிலத்திற்கு ஊதியந்தானே? கடவுளுறையும் வானுக்கு ஒரு சொல்லும், முகிலுலவும் வானுக்கு ஒரு சொல்லுமாக இரு சொற்கள் கிடைத்தனவே” என்று சிலர் கூறக்கூடும். இது எளிதில் தள்ளத்தக்க உரையன்று. விடை கூறுவது நம் கடன். செருமன் மொழியைப் பாருங்கள். ஆங்கிலம் இழந்த மூன்றையும் அது தன்னிடமே வைத்துள்ளது. வானுக்கு ‘ஃகிம்மல்’, காற்றுக்கு ‘உலூஃப்டு’, முகிலுக்கு ‘வொல்க’. முகில் மூடிய வானைக் கூற வேண்டின், தன் ‘வொல்க’ என்னும் சொல்லிலிருந்தே ‘பெவொல்க்டு’ என்று கிளைக்கச் செய்து கூறுகின்றது. அதனால் செருமானியரின் மெய்யியல் குன்றிற்றா? பாட்டு வற்றிற்றா? வானிலை அறிவு தேய்ந்ததா? வேண்டிய நுண்பொருள் வேறுபாட்டைத் தன் சொற்களிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம் என்பதற்கு அடுத்த வீட்டிலேயே சான்றிருக்க, கடனே வளம் என்பது எவ்வாறு பொருந்தும்?

தழும்பை அணிகலன் என்பதா?

இச்சொற்கள் ஆங்கிலத்துள் எவ்வாறு வந்தன? அறிஞர் கூடி, இச்சொல் வேண்டும், இச்சொல் வேண்டா என ஆய்ந்தெடுத்தனரா? இல்லை. 793இல் இலிண்டிசுபார்ன் தீவின் துறவியர் இல்லத்தை வடகடற் கொள்ளையர் சூறையாடினர். அடுத்த நூற்றாண்டில் அவர்தம் படைகள் இங்கிலாந்தின் வடக்கையும் கிழக்கையும் கைப்பற்றிக் குடியேறின. 1016 முதல் 1035 வரை தென்மார்க்கு மரபினனாகிய கினூட்டு இங்கிலாந்தின் அரசுக்கட்டிலிலேயே வீற்றிருந்தான். 1066இல் நார்மானியர் வந்து பிரஞ்சு மொழியை அரண்மனையில் ஏற்றினர். முதலில் வந்தவரொடு அயலவராய் வாழ்ந்து, கொண்டு கொடுத்து உறவாடியதும் உண்மையே. அவர்தம் மொழி ஆங்கிலத்திற்கு நெருங்கிய உறவுமொழி என்பதும் உண்மையே. ஆயினும், படையெடுப்பும் குடியேற்றமும் இன்றி, ‘அவர்கள்’ என்னும் சுட்டுப்பெயரைக்கூட ஒரு மக்கள் அயலாரிடம் பெற்றிருப்பரா? ஆங்கிலத்தின் ‘தே’ என்னும் அச்சொல்லும் நார்சு மொழியின் கொடையே.

உறவுமொழிச் சொல் வந்தே வீட்டுச் சொல்லைக் கோணலாக்கிற்று என்றால், உறவே இல்லாத மொழியின் சொற்கள் வெள்ளமாய்ப் புகும்போது யாது விளையும் என்பதை எண்ணிப் பார்க்க!

வாளால் பட்ட புண் ஆறித் தழும்பாயிற்று. அத்தழும்பைக் காட்டி, “பார், என்ன அழகான அணிகலன்! நீயும் உன் மேனியில் கீறிக்கொள்” என்பது அறிவுடையார் கூற்றாகுமா? ஆங்கிலம் உலகெங்கும் பரவியது கடன் வாங்கியதனால் அன்று. கப்பலும் பீரங்கியும் வணிகக் குழுக்களும் குடியேற்ற ஆட்சியும் அதைச் சுமந்து சென்றன. பின்னர் அமெரிக்காவின் செல்வமும் தொழில்வலியும் அதைத் தாங்கிப் பிடித்தன. சொற்கடனே ஒரு மொழியை உலகேற்றும் என்றால், உலகில் கலப்புற்ற மொழிகள் அனைத்தும் உலகப் பெருமொழிகளாய் விளங்கல் வேண்டுமே! விளங்கினவா? வெற்றிக்குரிய ஏது ஒன்றிருக்க, உடனிருந்த வேறொன்றை ஏதுவெனக் காட்டுவது ஏரணப் பிழை.

தம் சொல்லும் பிறர் சொல்லும்

ஆங்கிலரும் தம் சொற்களைக் கொண்டு மூடிய வானைக் கூறியதுண்டு. அவற்றைக் காணும்போதுதான் ஒரு மக்களின் உள்ளம் நமக்குப் புலனாகின்றது.

‘கிளவுடு’ என்று இன்று முகிலைக் குறிக்கும் சொல், பழைய ஆங்கிலத்தில் பாறைத்திரளையும் குன்றையும் குறித்தது. வானில் குவிந்த கருந்திரளைப் பாறைக்குன்றாகக் கண்டான் பழைய உழவன்; தன் நிலத்துச் சொல்லையே வானுக்கு ஏற்றினான். ‘இலவர்’ என்னும் வினைக்கு முகஞ்சுளித்தல், புருவம் நெரித்தல் என்பது பொருள். மழைக்கு முந்திய வானத்தைச் சினந்த முகமாகக் கண்டவன் அச்சொல்லை வானுக்கு ஆண்டான். ‘குளூம்’ என்னும் இருட்சொல்லும் முகம் கடுத்தலைக் குறித்த வினையோடு உறவுடையதே. ‘திரியரி’ என்று இன்று சோர்வூட்டும் வானைக் குறிக்கும் சொல், பழைய நாளில் ‘குருதி தோய்ந்த’ எனப் பொருள்பட்டது. போர்க்களத்தின் குருதியிலிருந்து துயரத்திற்கும், துயரத்திலிருந்து ஒளியிழந்த வானுக்கும் வந்தது அதன் நெடும்பயணம். இவை யாவும் அம்மக்களின் கண்ணும் நெஞ்சும் ஆக்கியவை.

இவற்றின் அருகே ‘திசுமல்’ என்னும் சொல்லை வைத்துப் பாருங்கள். இதுவும் இருண்ட வானுக்கும் இருண்ட நாளுக்கும் வழங்குவதே. பிரஞ்சு வழியாக வந்த இலத்தீன் தொடர் அது. ‘தீய நாள்கள்’ என்பது மூலப்பொருள். ஆண்டில் சில நாள்களைத் தீநாள் என்று ஒதுக்கிய பழங்கால நாட்குறிப்பினின்று எழுந்தது. ஆனால், ஆங்கிலக் குழந்தைக்கு அச்சொல்லினுள் நாளும் தெரியாது; தீமையும் தெரியாது. அவனுக்கு அது வெறும் ஒலி. தன் மொழிச்சொல் சாளரம்போல் உட்பொருளைக் காட்டும். கடன்சொல் சுவர்போல் மறைத்து நிற்கும். இதுவே வேறுபாடு, இவ்வொன்றற்காகவே நாம் போராடுகின்றோம்.

ஆங்கிலருள்ளும் உணர்ந்தோர் இருந்தனர்

தூய்மை நாட்டம் தமிழருக்கு மட்டும் பிடித்த பித்து என்று நகையாடுவார், ஆங்கிலரின் வரலாற்றை அறியாதார். கேம்பிரிட்சில் கிரேக்கம் கற்பித்த பேரறிஞர் சான் சீக்கு 1557இல் எழுதிய மடலொன்றில், தம் மொழி கலப்பின்றி எழுதப்படல் வேண்டும் என்றும், என்றும் கடன் வாங்கியே வந்து ஒருபோதும் திருப்பித் தராத மொழி இறுதியில் கடனில் மூழ்கிய குடும்பம் போலாகும் என்றும் கருத்துரைத்தார். கிரேக்கமும் இலத்தீனும் அறியாதவர் கூறிய கூற்றன்று இது. அவற்றில் கரைகண்டவர் கூறியது. அம்மடலிலேயே இலத்தீன் வழிச் சொற்கள் உள்ளனவே என்று குற்றங்காண்பார் உளர். நோயாளி தன் நோயைச் சொல்வதால் நோய் இல்லையென்று ஆகிவிடுமா?

வானத்துக்கே நேரான வழக்கொன்றும் உண்டு. 1802இல் இலண்டன் மருந்தாக்குநராகிய இலூக்கு ஓவர்டு என்பார் முகில்களை வகைப்படுத்தி உரையாற்றினார். சிறந்த பணி, உலகம் இன்றும் அவர் வகைப்பாட்டின்மேல்தான் நிற்கின்றது. ஆனால், பெயர்களையெல்லாம் இலத்தீனில் இட்டார்: சிர்ரசு, கியூமுலசு, இசுற்றேட்டசு, நிம்பசு. தாமசு பாரசுட்டர் என்பார் 1813இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றுக்கு ஆங்கிலப் பெயர்களை முன்வைத்தார். சிர்ரசுக்குச் சுருள்முகில், கியூமுலசுக்கு அடுக்கிக் குவித்த முகில், நிம்பசுக்கு மழைமுகில் எனப் பொருள்படும் எளிய வீட்டுச் சொற்கள் அவை. ஓவர்டு அவற்றை ஏற்கவில்லை. இலத்தீன் எல்லா நாட்டு அறிஞர்க்கும் பொதுவாகும் என்பது அவர் தரப்பு.

பல நாட்டு ஆய்வாளர் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பொதுக்குறி வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், ஆய்வாளனின் குறியும் மக்களின் சொல்லும் ஒன்றாய்த்தான் இருக்க வேண்டும் என்பது எந்நெறி? குறி ஏட்டில் இருக்கட்டும். சொல் நாவில் இருக்கட்டும். பாரசுட்டரின் பெயர்கள் நிலைத்திருந்தால், மீன்பிடிக்கும் மகனும் ஆடுமேய்க்கும் மகளும் முகிலின் பெயரைக் கேட்டவுடனே அதன் வடிவைக் கண்டிருப்பர். அவை தோற்றதனால், தன் நாட்டு முகிலின் பெயரை ஆங்கிலச் சிறுவனும் பொருளறியாமல் நெட்டுருச் செய்கின்றான். பின்னர்ப் பாவலரும் திருப்பணியாளருமாகிய வில்லியம் பார்னிசு, இலக்கணத்திற்குச் ‘சொற்கைத்திறம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரிட்டு 1878இல் ஒரு நூலே எழுதினார். அவரையும் எள்ளினர். காலந்தாழ்ந்த மருத்துவம் கைகூடுவதில்லை. ஆங்கிலத்தில் அந்நோய் முற்றிவிட்டது. தமிழில் இன்னும் முற்றவில்லை. அதனால்தான் இன்றே மருந்து வேண்டும் என்கின்றோம்.

அதே சொல், வேறு கை

இப்பொழுது, அதே ‘சுகீ’ என்னும் சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொண்ட மக்களைப் பார்ப்போம். ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்சு மொழியினர் குடியேறிய தீவு ஐசுலாந்து. இன்று அங்கு வாழ்வோர் நான்கு நூறாயிரத்திற்கும் குறைவு. நம் நாட்டின் நடுத்தர நகரொன்றில் அதனினும் மிகுதியான மக்கள் உளர்.

அவர்கள் மொழியில் ‘சுகீ’ இன்றும் முகிலே. வானத்திற்கு அவர்களுடைய பழைய ‘ஃகிமின்’ என்னும் சொல்லே உள்ளது. எட்டுக் கூறும் மூடிய வானுக்கு அவர்கள் வானிலை அறிவிப்பில் கூறும் சொல் ‘அல்சுகீயத்து’. ‘முழுதும் முகிலிட்டது’ என்பது பொருள். சிறிதே முகிலிட்டிருப்பின் ‘இலெத்துசுகீயத்து’. ‘மெல்ல முகிலிட்டது’ என்பது பொருள். ஒரே வேர்; அதினின்று கிளைத்த ஒழுங்கான சொற்கள். கேட்ட குழந்தைக்கு விளக்கம் வேண்டா. வானிலை அறிவியல் அவர்க்கு ‘வெதுர்பிரைதி’. வானிலை அறிவு என்பதே பொருள். ஆங்கிலன் கிரேக்கத்தில் பெயரிட்ட காற்றழுத்தமானி அவர்க்கு ‘இலொஃப்டுவோகு’, காற்றுத் துலை; வெப்பமானி அவர்க்கு ‘ஃகிதாமைலிர்’, வெப்ப அளவி.

இது தானாய் விளைந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் நார்வேயின் ஆட்சிக்கும், பின்னர்த் தென்மார்க்கின் ஆட்சிக்கும் உட்பட்டுக் கிடந்த நாடு அது. அலுவலகத்திலும் வணிகத்திலும் தென்மார்க்கு மொழியே ஓங்கியிருந்தது. அவ்விருளில்தான் யோனாசு ஆல்கிரிம்சன் (1807–1845) என்னும் பாவலரும் இயற்கை ஆய்வாளருமாகிய பெருமகன் தோன்றினார். தென்மார்க்கு மொழியிலிருந்த வானூல் ஒன்றை 1842இல் ஐசுலாந்திய மொழியில் பெயர்த்தார். தொலைநோக்கிக்கும் ஈர்ப்பாற்றலுக்கும் தம் மொழிவேர்களிலிருந்தே சொல்லாக்கித் தந்தார். அவை இன்றும் வழங்குகின்றன. அவர் பிறந்த நவம்பர் 16ஆம் நாளையே அந்நாடு 1996 முதல் தன் மொழித் திருநாளாகக் கொண்டாடுகின்றது. 1944இல் முழு விடுதலை பெற்ற அந்நாடு, 1960களில் கணிப்பொறி வந்தபோதும் கலங்கவில்லை. ‘எண்’ணையும் ‘வருவது கூறும் மூதாட்டி’யையும் இணைத்து ‘தெல்வ’ என்று பெயரிட்டது. 2011இல் தன் மொழியின் நிலையைச் சட்டத்தாலும் வரையறுத்துக்கொண்டது.

ஐசுலாந்தியரிடம் கடன்சொல்லே இல்லையோ என்று துருவிக் கேட்பார் கேட்கலாம். உண்டு. தம் மண்ணில் விளையாத காப்பிக்கு அயற்பெயரையே அவர்களும் வழங்குகின்றனர். இன்றைய இளையோர் நாவில் ஆங்கிலம் மிகுவதைக் கண்டு அவர்களும் கவலுறுகின்றனர். ஆனால், வந்த பொருளுக்கு வந்த பெயர் இருப்பது வேறு; தன் தலைமேல் நின்ற வானத்திற்கே அயலான் பெயரிடுவது வேறு. முன்னது விருந்து, பின்னது குடிபெயர்ப்பு.

நம் வானமும் நம் நாவும்

ஆங்கிலத்தைக் காட்டிக் கலப்பை வற்புறுத்துவார்க்கு நாம் கேட்கும் வினா இது: ஆங்கிலம் பெற்ற பேறு உங்களுக்கு வேண்டுமா, அன்றி ஆங்கிலம் பெற்ற இழப்பு வேண்டுமா? பேற்றிற்குரிய கப்பலும் படையும் நம்மிடம் இல்லை. அவற்றை நாம் விரும்பவும் இல்லை. இழப்பை மட்டும் ஏன் இறக்குமதி செய்கின்றீர்கள்?

நம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் “வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்” என்னும் தொடரை நாள்தோறும் கேட்கின்றோம். அதில் ‘வானம்’ நம்முடையது; ‘மூட்டம்’ நம்முடையது; இடையிலே ‘மேகம்’ வடமொழி. சுகையைப்போல் வானம் இன்னும் பறிபோகவில்லை, முகில் பறிபோய்க்கொண்டிருக்கின்றது. ‘வியோர்பன்’ கோணியதுபோல் ‘முகில்’ என்பதும் பாட்டுக்கு மட்டும் ஆகும் சொல்லென ஒதுக்கப்படுகின்றது. ‘வெல்கின்’ சென்ற வழி அதுவே!

நமக்கென்ன சொல்வறுமையா? நீரைக் கொண்டிருப்பது கொண்டல். மேலெழுவது எழிலி. கருமையுடையது கார். ஒளி மங்கச் செய்வது மங்குல். மலையுச்சியில் வெண்மையாய்த் தவழ்வது மஞ்சு. கொண்மூ என்பதும் உண்டு. மழை என்னும் சொல்லையே முகிலுக்கு ஆண்டது நம் கழக இலக்கியம். ஒவ்வொன்றும் தன் பொருளைத் தானே காட்டும் சாளரம். ஆங்கிலன் பாறையைக் காட்டியும் சினமுகத்தைக் காட்டியும் உணர்த்தியதை, நம் முன்னோர் நீரையும் நிறத்தையும் எழுச்சியையும் காட்டி உணர்த்தினர். இவையெல்லாம் இருக்க, எதற்காக ஒரு கடன்?

முடியாது என்பாரை நோக்கி ஒன்று கூறுவோம். ‘சீதோசுண நிலை’ என்று எழுதிய கை ‘தட்பவெப்ப நிலை’ என்று எழுதக் கற்றதன்றோ? ‘வானிலை’ என்னும் சொல் இன்று படித்தவர் படியாதவர் அனைவர் நாவிலும் தவழ்கின்றதன்றோ? ‘வானொலி’யை ஒருநாள் எள்ளியவர்களே பின்னர் அதையே கூறினரன்றோ? வழங்க வழங்கச் சொல் பழகும். வழங்காவிடின் வேர் உள்ள சொல்லும் பட்டுப்போம்.

ஐசுலாந்தியர் ஒரு வேரிலிருந்து வானிலைச் சொற்களை ஒழுங்குற ஆக்கியதுபோல், நாமும் ‘மூட்டம்’ என்னும் ஒரு சொல்லிலிருந்தே ஆக்கலாம். எட்டுக் கூறும் மறைந்தால் ‘முழுமூட்டம்’; ஐந்து முதல் ஏழு கூறாயின் ‘பெருமூட்டம்’; மூன்று நான்காயின் ‘இடைமூட்டம்’; ஒன்றிரண்டாயின் ‘சிறுமூட்டம்’; ஒன்றுமில்லையேல் ‘தெளிவானம்’. பொதுவாகக் கூற ‘முகில் மூட்டம்’. இவற்றுள் எச்சொல் ஒரு சிற்றூர்க் கிழவிக்கு விளங்காது? எச்சொல் அறிவியலுக்குப் போதாது? இவற்றினும் சிறந்தவற்றை அறிஞர் தருவராயின் அவற்றை ஏற்க நாம் அணியமாயுள்ளோம். தமிழில் இயலாது என்று கைவிரிப்பாரின் உரையை மட்டும் ஏலோம்.

தமிழ் உணர்வுடையீர்! ஆசிரியராயின் நாளை வகுப்பில் ‘முகில்’ என்று கூறுங்கள். இதழாசிரியராயின் வானிலைச் செய்தியில் அச்சொல்லை அச்சேற்றுங்கள். தாயாயின் வானைச் சுட்டிக்காட்டிச் சோறூட்டும்போது உங்கள் பிள்ளைக்கு அச்சொல்லையும் சேர்த்தூட்டுங்கள். பெருங்கூட்டமும் பெரும்பொருளும் இதற்கு வேண்டா, நாவொன்று போதும். நான்கு நூறாயிரம் பேர்கூட இல்லாத ஒரு தீவினர் பனிக்கும் எரிமலைக்கும் இடையே நின்று தம் முகிலைக் காத்தனர். ஏழு கோடிக்கும் மேற்பட்ட நாம் காக்கலாகாதா?

ஆங்கிலன் தன் வானத்தை இழந்தது வாளுக்கு முன்னே. எவரும் வாளெடுத்து வாராதபோதே நாம் நம் முகிலை இழப்போமாயின், அவ்விழப்பிற்கு வரலாறு வேறு பெயரிடும்; அப்பெயர் சோம்பல். வானம் நமது, முகிலும் நமது, அவற்றின் பெயரும் நமதாகவே இருக்கட்டும்!